எதிர்பார்த்த தப்பு

எங்கள் நிலையத்தில் பாடம் நடத்தக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. பாடக்குறிப்பு எழுதி முடித்து, சுயபரிசீலனையும் எழுதி முடித்து, அதற்குப் பிறகும் பொழுது மிஞ்சினால் தாராளமாக நடத்தலாம். நானே சில வாரங்களில் நடத்தியிருக்கிறேன்.

நிலையம் கனடாவின் வின்னிபெக்கில் ஒரு கம்பளக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலத்தை முதல் படி, இரண்டாம் படி என்று பிரித்துக் கற்றுத் தருகிறோம். எரித்ரியாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்தவர்கள் பனி அப்பிய பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு வந்து வகுப்பில் உட்காருவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆங்கிலம். ஆசிரியர்களாகிய எங்களுக்கு வேண்டியது வளர்ச்சி என்று இயக்குநர் டேரில் ஃபென்விக் கண்டுபிடித்துச் சொன்னார்.

டேரில் நல்ல மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால், அந்த ஆள் நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டுக் கீழே இறங்கிப் போய், வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும்போதுதான் தனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வார்.

ஒரு மணி நேர வகுப்புக்குப் பன்னிரண்டு பக்கம் குறிப்பு எழுத வேண்டும். மாணவர் எந்த இடத்தில் சிரிப்பார் என்பதுவரை அதில் இருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் சுயபரிசீலனை. எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை, இதிலிருந்து என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது என்ன. "நன்றாக நடந்தது" என்று எழுதினால், சிந்தனை போதாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "மோசமாக நடந்தது" என்று எழுதினால் பாராட்டுவார்கள். ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் அந்தத் தாள் கோப்பிலிருந்து எழுந்து வந்து மேஜைமேல் உட்காரும். ஆகவே அளவாக மோசமாக நடந்ததாக எழுத எல்லோரும் கற்றுக்கொண்டோம். "பலகையில் என் கையெழுத்து சற்றுச் சாய்ந்திருந்தது, இது என் அகந்தையைக் காட்டுகிறது" என்று நான் எழுதியதை மற்றக் கிளைகளில் மாதிரியாக வாசித்தார்களாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வட்டமாக உட்கார வேண்டும். டேரில் ஒரு டாலர் கடையில் ஆளுக்கொரு கைக்கண்ணாடி வாங்கி வந்திருந்தார். பேசுகிறவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேச வேண்டும். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் டோனட் சாப்பிடலாம். முதல் வாரம் சிலர் அழுதார்கள். அப்புறம் பழகிவிட்டது. இப்போதெல்லாம் பல்லில் ஒட்டியிருப்பதை எடுக்க அந்தக் கண்ணாடி வசதியாக இருக்கிறது.

இவற்றிலெல்லாம் உயிரை எடுத்தது குறிப்பின் ஏழாம் பக்கம். 'எதிர்பார்க்கும் இடர்கள்' என்று தலைப்பு. மாணவர்கள் என்ன தப்புச் செய்யப்போகிறார்கள் என்று அதில் முன்கூட்டியே எழுத வேண்டும். எழுதாத தப்பு ஒன்று வகுப்பில் வந்துவிட்டால் மதிப்பெண் போச்சு: ஆசிரியருக்கு முன்யோசனை இல்லை. எழுதிய தப்பு வராவிட்டாலும் போச்சு: ஆசிரியருக்குத் தன் மாணவர்களைத் தெரியவில்லை. மூன்றாம் படிக்குப் பாடம் எடுக்கும் பெண்ணின் வகுப்பில் ஒருமுறை தீ எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. அவள் எழுதியிருக்கவில்லை. அடுத்த மாதம் நாங்கள் எல்லோரும் தீ மணியை எழுதினோம். மணி அடிக்கவில்லை, எல்லோருக்கும் வெட்டு விழுந்தது. அதற்கடுத்த மாதம் மதிப்பீட்டாளர்கள் வந்த அன்று, சாப்பாட்டு அறையில் யாரோ வகுப்புக்கு ஒரு தடவை வீதம் ரொட்டியைக் கருக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் தீயணைப்பு வண்டி வந்தது. மைனஸ் முப்பதில் மாணவர்களும் நாங்களும் தெருவில் நின்றோம். அந்த மாதம் மாகாணத்திலேயே எங்கள் நிலையத்துக்குத்தான் அதிக மதிப்பெண். டேரில் கேக் வெட்டினார்.

என் பக்கத்து வகுப்பு வெண்டல் ரெம்பலுடையது, ஐந்தாம் படி. ஐம்பது தாண்டிய மனிதர். ஒரு காலத்தில் கிதாரோடு வந்து, பஸ் நிறுத்தங்களின் பெயரையெல்லாம் பாட்டாகப் பாடவைத்துச் சுவரை அதிரவைத்தவர். பாடக்குறிப்பில் கிதார் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று மேலே இருப்பவர்கள் கேட்டார்கள். அதற்குப் பக்கம் இல்லை. அதோடு கிதார் வீட்டில் தங்கிவிட்டது; கொஞ்ச நாளில் பாட்டும், பிறகு முகத்தில் இருந்த களையும். மதியம் பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைச் சூடு பண்ணாமல் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபடியே தின்பார். "மைக்ரோவேவ் இருக்கே வெண்டல்," என்றால், "ரெண்டும் ஒண்ணுதான் நோரா," என்பார்.

ஆனால் பாடம் நடத்துவார். குறிப்பை மூடிவைத்துவிட்டு, திருட்டுத்தனமாக நடத்துவார்.

அவர் வகுப்பில் ரிஷான் என்று ஒரு எரித்ரியப் பெண். இரண்டு பிள்ளைகள். இரவில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. முதியோர் இல்லப் பராமரிப்பாளர் பயிற்சியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஏப்ரலில் தொடக்கம். ஐந்தாம் படி முடித்தாள் என்று எங்கள் நிலையம் ஒரு கடிதம் தர வேண்டும். தராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தப் பயிற்சிக்குப் போனால் பகல் வேலை கிடைக்கும், பிள்ளைகள் தூங்கும்போது அவளும் வீட்டில் இருப்பாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வந்த புதிதில் போன் என்றாலே அவளுக்குப் பயம். அந்தப் பக்கம் என்ன கேட்டாலும் "யெஸ், யெஸ்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். எங்கள் மாணவர்கள் எல்லோரும் அப்படித்தான். மிகோலா என்கிற உக்ரேனியக் கிழவர் அப்படி யெஸ் சொல்லிச் சொல்லியே வீட்டுக்கு மூன்று கம்பெனியின் இன்டர்நெட்டை வரவழைத்துக்கொண்டவர். வெண்டல் வாரக்கணக்கில் இதையே பழக்கினார். புரியவில்லை என்றால் நிறுத்து, திரும்பச் சொல்லச் சொல், வேண்டாததற்கு நோ சொல். ஜனவரியில் ரிஷானின் வீட்டு ஹீட்டர் நின்றுபோனது. வகுப்பு நடுவிலேயே, எல்லோர் முன்னாலும், வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு வரேன்னு நேத்து சொன்னீங்க. எத்தனை மணிக்கு?... இல்லைங்க, 'சாயங்காலமா'ன்னா எத்தனை மணி?... வர்றவர் பேரு என்ன? மெதுவா சொல்லுங்க, எழுதிக்கறேன்... நோ. நாளைக்கு இல்ல. வீட்ல குழந்தைங்க கோட்டு போட்டுக்கிட்டுத் தூங்குதுங்க. நீங்க மணி சொல்ற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் என் வகுப்பே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. ஹீட்டர் அன்றைக்கே சரியாகிவிட்டது. வெண்டல் முகத்தில் அன்று பழைய ஆள் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரியில் தர மேம்பாட்டுப் பிரிவிலிருந்து டாக்டர் பிரிசில்லா ஓக்ஸ் வெண்டலின் வகுப்பைப் பார்வையிட வந்தார். ஏழாம் பக்கத்தில் வெண்டல் எழுதியிருந்தது ஒரே வரி: 'போனில் மாணவர்கள் எல்லாவற்றுக்கும் யெஸ் என்று சொல்லி வைத்துவிடுவார்கள்.' ஆனால் அன்று ஒருவர்கூட அப்படிச் செய்யவில்லை. மிகோலாகூட, இன்டர்நெட் விற்க வந்தவனாக நடித்த பையனை மூன்று கேள்வியில் விரட்டிவிட்டார்.

இப்படிப் பார்வையிடும்போதெல்லாம் சக ஆசிரியர் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து, வகுப்பு ஆசிரியர் எவ்வளவு நேரம் வாயைத் திறந்தார் என்று அளக்க வேண்டும். குறைவாகப் பேசினால் நல்ல ஆசிரியர். வெண்டலுக்கு அளந்தது நான். அதனால் பிறகு நடந்த கூட்டத்திலும் நான் இருந்தேன்.

"வெண்டல், நீங்க ஒரு தப்பை எதிர்பார்த்தீங்க. அது வரவே இல்ல," என்றார் பிரிசில்லா. "அந்தத் தப்பு வர வேண்டிய இடத்துல ஒரு வெறுமை இருந்துச்சு. என்னால அதை உணர முடிஞ்சுது."

"அவங்க கத்துக்கிட்டாங்க. அதனால வரல."

"அது அவங்க பயணம். நாம இங்க உங்க பயணத்தைப் பத்திப் பேசறோம்."

"மாணவங்க கத்துக்கறது என் பயணத்துல சேராதா?"

"பாத்தீங்களா டேரில், தன்னைத் தற்காத்துக்கறார்," என்று பிரிசில்லா எழுதிக்கொண்டார்.

'வளர்ச்சி தேவை' என்று முத்திரை விழுந்தது. தொடர்ந்து இரண்டு முறை விழுந்தால் ஒப்பந்தம் நீளாது. அடுத்த பார்வை மார்ச் நடுவில்.

எங்கள் நிலையம் ஒளிவுமறைவு இல்லாதது என்பதால், மதிப்பீடுகளைக் காபி மெஷின் பக்கத்துப் பலகையில் ஒட்டிவிடுவார்கள். வெண்டலுடைய தாளை அவர் மாணவர்கள் எல்லோரும் சூழ்ந்து நின்று, மிகோலா விரலை வைத்து வரி வரியாக உரக்கப் படிக்க, அர்த்தம் தெரியாத இடத்தில் அகராதி பார்த்து, கடைசிவரை படித்து முடித்தார்கள். நாங்கள் கொடுத்த எந்தப் பாடத்தையும் அவர்கள் அவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் வெண்டல் நகல் எடுக்கப் போயிருந்த நேரம், சுவர் வழியாக மிகோலாவின் குரல் கேட்டது.

"நாம தப்பு பண்ணல. அதான் டீச்சருக்கு அடி. புரிஞ்சுதா? அந்த அம்மா மறுபடி வரும்போது ஒருத்தர் தப்பு பண்ணணும். நான் பண்றேன். எழுபத்தொரு வயசுல கடிதம் வாங்கிட்டு நான் எங்க போகப் போறேன்?"

"உங்களுக்கு ஒழுங்கா தப்பு பண்ண வருமா தாத்தா?" என்றாள் ரிஷான். எல்லோரும் சிரித்தார்கள்.

"மூணு இன்டர்நெட் வாங்கின ஆளும்மா நான். எனக்கே சொல்லித் தரியா?"

மார்ச் நடுவில் அந்த நாள் வந்தது. அன்று காலை குளிரில் மிகோலாவின் கார் கிளம்பவில்லை. பஸ் பிடித்து அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது முன் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. கடைசி வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். வெண்டல் அதே வகுப்பை, அதே ஏழாம் பக்கத்தோடு நடத்தப்போவதாக எழுதிக் கொடுத்திருந்தார். மாற்றி எழுத அவருக்குத் தெம்பு இல்லை. வேலை போனால் போகட்டும் என்கிற இடத்துக்கு வந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒருவர் வந்து வெண்டலோடு போனில் பேசிக் காட்ட வேண்டும். மிகோலா உடனே கையைத் தூக்கினார்.

"கை தூக்கறவங்களுக்கே வாய்ப்பு தரக் கூடாது," என்று பிரிசில்லா பின்னாலிருந்து மெல்லச் சொன்னார். "அந்தப் பச்சை ஸ்வெட்டர் போட்டவங்களைக் கூப்பிடலாமே."

பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தது ரிஷான். அவள் திரும்பி மிகோலாவைப் பார்த்தாள். அவர் கை இன்னும் மேலேதான் இருந்தது. இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். பிரிசில்லா அவரைப் பார்க்கவே இல்லை. ரிஷான் எழுந்து போனாள்.

போன் பேசுகிற பயிற்சிக்கு நாங்கள் இரண்டு நாற்காலிகளை முதுகுக்கு முதுகாகப் போடுவோம். போனில் முகம் தெரியாதல்லவா, அதற்காக. வெண்டல் மருத்துவமனை வரவேற்பாளர். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. நான் பார்த்தேன்.

"கிளினிக். சொல்லுங்க, என்ன வேணும்?"

"யெஸ்," என்றாள் ரிஷான்.

"டாக்டரைப் பார்க்கணுமா?"

"யெஸ், யெஸ்."

"உங்களுக்கா, குழந்தைக்கா?"

"யெஸ்."

"செவ்வாய்க்கிழமை வரீங்களா, புதன்கிழமையா?"

"யெஸ், யெஸ்."

வெண்டலின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. குறிப்பில் இல்லாததைப் பேசத் தொடங்கினார்.

"ரிஷான், நான் கேக்கறது புரியுதா?"

"யெஸ்."

"ஹீட்டருக்குப் போன் போட்டீங்களே. அப்படிப் பேசுங்க."

"யெஸ், யெஸ்."

"வேணும்னே பண்றீங்களா?"

அவள் கையில் இருந்த போனைப் பார்த்தாள். "யெஸ்," என்றாள் மெதுவாக. வைத்துவிட்டாள்.

பிரிசில்லா ஓக்ஸ் கண்ணை மூடித் திறந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கூட்டம் அன்று மதியமே நடந்தது. டேரில் புது டோனட் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்.

"முன்னுதாரணம்," என்றார் பிரிசில்லா. எங்கள் நிலையத்தில் யாருக்கும் அந்த முத்திரை கிடைத்ததில்லை. "நீங்க எழுதின தப்பு, எழுதின இடத்துல, எழுதின மாதிரியே வந்துச்சு. ஒரு சொல் பிசகல. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு."

"வாழ்த்துகள் வெண்டல்," என்றார் டேரில். "இன்னொரு சின்ன விஷயம். செலவைக் குறைக்க இந்தப் பருவத்துலேர்ந்து ஒரே பார்வையில ரெண்டு வேலையையும் முடிச்சுக்கறோம். ஆசிரியரையும் பார்த்த மாதிரி, முன்னால வந்து பேசற மாணவரோட படியையும் முடிவு பண்ணின மாதிரி. அந்தப் பச்சை ஸ்வெட்டர் பொண்ணு ஐந்தாம் படியில மறுபடி உட்காரணும். பாவம், ஒண்ணுமே புரியல அவங்களுக்கு."

வெண்டல் கையிலிருந்த டோனட்டைக் கீழே வைத்தார்.

"அவ நடிச்சா. எனக்காக நடிச்சா. போன தடவை எனக்கு வெட்டு விழுந்ததைப் படிச்சுட்டுப் பண்ணியிருக்கா. அவளுக்கு நல்லாவே பேச வரும். அவளுக்குக் கடிதம் குடுத்துடுங்க, ஏப்ரல்ல பயிற்சி."

பிரிசில்லா பேனாவை எடுத்தார்.

"தன்னோட வெற்றியையே கேள்வி கேக்கறார்," என்றார் கம்மிய குரலில். "டேரில், சுயபரிசீலனையில இது ஆறாம் நிலை."

"இது நிலை இல்லைங்க. தகவல். நடந்ததைச் சொல்றேன்."

"அதைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லுங்க வெண்டல்," என்று டேரில் கைக்கண்ணாடியை நீட்டினார்.

வெண்டல் வாங்கிக்கொண்டார். என்ன செய்வார், நீட்டினால் வாங்கித்தானே பழக்கம். கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்துச் சொன்னார். "என் மதிப்பெண்ணை எடுத்துக்குங்க. வளர்ச்சி தேவைன்னே போடுங்க. நான் போயிடறேன். அவளுக்கு அந்தக் கடிதத்தைக் குடுங்க."

பிரிசில்லாவின் கண்ணில் நீர் முட்டியது. "எட்டாம் நிலை. நான் இதைப் பாடப் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன். நேர்ல பார்ப்பேன்னு நினைக்கல."

எனக்குக் கோபம் வந்தது. "டாக்டர் ஓக்ஸ், அவர் ஒரு பொண்ணோட பிழைப்பைப் பத்திப் பேசறார்," என்றேன்.

"நோரா, நீங்க நேரம் அளக்க வந்தவங்க," என்றார் டேரில், கொஞ்சமும் கடுமை இல்லாமல். "அவர் இப்ப எவ்வளவு நேரம் பேசினார்?"

பார்த்துச் சொன்னேன். டேரில் குறித்துக்கொண்டார்.

"அவளைக் கூப்பிடுங்க," என்றார் வெண்டல். "இப்பவே பேசச் சொல்லுங்க. கேட்டுப் பாருங்க."

"வகுப்பு முடிஞ்சு போச்சே வெண்டல். முடிஞ்ச வகுப்பைத் திரும்பத் திறக்க விதியில்ல. அதைப் பத்திச் சிந்திக்கத்தான் முடியும்."

"ஆனா கற்பவர் குரலுக்கு நாங்க எப்பவுமே காது குடுக்கறோம்," என்றார் பிரிசில்லா. "மேல்முறையீட்டுக்குன்னே எங்க பிரிவுல தனி போன் நம்பர் இருக்கு. மாணவரே கூப்பிட்டுச் சொல்லலாம்."

வெண்டல் எழுந்து போய் ரிஷானை அழைத்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவள் மேஜை போனின் ஸ்பீக்கரைப் போட்டு நம்பரை அழுத்தினாள். ஓர் ஆள் எடுத்தார்.

"வணக்கம். நான் ஐந்தாம் படி மாணவி. இன்னிக்கு என் படியை முடிவு பண்ணினதுல ஒரு தவறு நடந்திருக்கு. மேல்முறையீடு பண்ணணும்."

"யெஸ், யெஸ்," என்றார் அந்த ஆள்.

"என் பயிற்சி ஏப்ரல்ல ஆரம்பம். அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை என்னைப் பேச வெச்சுப் பார்க்க முடியுமா?"

"யெஸ்."

"எந்த நாள்?"

"யெஸ், யெஸ்."

"மன்னிச்சுக்கோங்க, நான் கேட்டது எந்த நாள்னு. என் பேரையும் நீங்க இன்னும் கேக்கல."

"யெஸ். தேங்க் யூ," என்று அவர் வைத்துவிட்டார்.

போன் கொஞ்ச நேரம் தனியாகக் கூவிக்கொண்டிருந்தது. டேரில்தான் அதை அணைத்தார்.

"எவ்வளவு பொறுமையா கேட்டார் பாருங்க," என்றார் பிரிசில்லா.

"நல்லாத்தான் பேசினீங்கம்மா," என்று டேரில் ரிஷானிடம் சொன்னார். "ஆனா இது பார்வை இல்லாத நேரம். கணக்குல வராது. ஒரு டோனட் எடுத்துக்கோங்க."

அவள் எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் பூட்ஸை மாட்டும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள், அவ்வளவுதான்.

ஏப்ரல் வந்தது. பயிற்சியில் அவள் இடம் வேறு யாருக்கோ போனது. ரிஷான் அதே ஐந்தாம் படியில், அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இரவில் துணி வெளுத்துவிட்டுக் காலையில் கண் சிவக்க வருவாள். வெண்டலுக்கு ஒப்பந்தம் நீண்டது. அது மட்டுமா, மற்றக் கிளை ஆசிரியர்களுக்குச் சுயபரிசீலனை கற்பிக்கிற பொறுப்பும் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். தன்னடக்கத்துக்குச் சான்று என்று அதையும் கோப்பில் வைத்தார்கள். அதற்குப் பிறகு எதையும் அவர் மறுக்கவில்லை. போகச் சொன்ன ஊருக்குப் போனார், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மார்ச்சில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எத்தனை ஊரில் சொன்னாலும் அது பாவமன்னிப்பாகவும் ஆகவில்லை, புகாராகவும் ஆகவில்லை.

மே மாதம் விழா. ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவந்து நீள மேஜையில் வைத்தோம். வெண்டலுக்குச் சட்டம் போட்ட ஒரு பெரிய கண்ணாடியைப் பரிசாகக் கொடுத்தார்கள், கீழே அவர் பெயர் பொறித்து. கற்பவர் குரல் என்று நிகழ்ச்சி நிரலில் ஓர் இடம் இருந்தது. அதற்கு டேரில் ரிஷானைக் கூப்பிட்டார். அவள் தாள் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

"நான் மார்ச்லயும் இப்படித்தான் பேசினேன். ஜனவரிலயும் இப்படித்தான். எங்க டீச்சர் சொல்லிக் குடுத்தார். அவர் வேலை போயிடக் கூடாதுன்னு ஒரு நாள் தெரியாத மாதிரி நின்னேன். அதனால என் இடம் போயிடுச்சு. நீங்க யாரும் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். கேக்கல. இன்னும் ராத்திரில துணிதான் வெளுக்கறேன். நன்றி."

கைத்தட்டல் அடங்கவே இல்லை. பிரிசில்லா எழுந்து நின்று தட்டினார். டேரில் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு மாசம் முன்னாடி இவங்களால யெஸ் தவிர ஒரு வார்த்தை சொல்ல முடியல. நீங்களே கேட்டீங்க இப்ப. இன்னொரு பருவம் அதே படியில உட்கார வெச்சோமே, அதோட பலன் இது. நாம எடுத்த முடிவு எவ்வளவு சரின்னு இதைவிட வேற யார் சொல்லணும்?"

வெண்டல் கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை, ஜூனில் மறுபடி பார்வை உண்டு என்று பலகையில் ஒட்டினார்கள். ஐந்தாம் படி, நேரம் அளக்க நோரா. நாள் குறிக்க நான் வெண்டலின் வகுப்புக்குப் போனேன். மேஜையில் புதுக் குறிப்பு விரித்திருந்தது. ஏழாம் பக்கம். பேனா கையில் இருந்தது, ஒன்றும் எழுதவில்லை.

முன் நாற்காலியிலிருந்து ரிஷான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இந்தத் தடவை எந்தத் தப்பு வேணும்?" என்று கேட்டாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பது மாதிரி கேட்டாள்.

வெண்டல் வாயைத் திறந்தார். என் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்திருந்தால் அளக்க எதுவும் கிடைத்திருக்காது.

கடைசி வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மிகோலா தன் கோட்டையும் பையையும் வாரிக்கொண்டு வகுப்பின் நடுவே நடந்து வந்தார்.

"எழுந்திரும்மா," என்றார் ரிஷானிடம். "இனிமே நான் முன்னாடி உட்கார்ந்துக்கறேன். அந்தப் பச்சை ஸ்வெட்டரையும் குடு."